யாரும் உப்புப் பார்க்காத கடலை

விரதம் பிடிக்கிறவர்களுக்குப் பசி ஒரு பெரிய சோதனையே இல்லை. தான் விரதம் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் சோதனை. இந்தச் சோதனையில் நான் இந்த வயது வரைக்கும் ஒரு தடவைகூடத் தேறியதில்லை. (ஓ.எல். பரீட்சையில் கணக்கிலும் தேறவில்லை. ஆனால் அது ஊரில் நடந்தது, லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.)

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் யாராவது என்னைக் கண்டு, "என்னக்கா, எப்பிடிச் சுகம்?" என்று கேட்டால், "ஓம், இருக்கிறன். இண்டைக்கு விரதமெல்லோ" என்பேன். அவர்கள் கேட்டது சுகம். நான் சொன்னது விரதம். பஸ் சாரதி கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பேன். நல்லவேளை, அவர்கள் கேட்பதில்லை.

விரதத்தோடு ஒட்டிய இன்னொரு கட்டுப்பாடும் எனக்கு உண்டு. என் கையால் சமைத்தது எதுவானாலும் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மனிதர் வாயில் படவேண்டும். ஆகவே சமைக்கிறபோது அகப்பையை நக்கி உப்புப் பார்க்கிற பேச்சே கிடையாது. கடவுளுக்கு எச்சிலையா படைப்பது? "அப்ப உப்பு எப்பிடித் தெரியும்?" என்று கேட்கிறவர்களுக்காக ஒரு பதில் வைத்திருந்தேன். வலது கையை விரித்துக் காட்டி, "இந்தக் கைக்குத் தெரியும்" என்பேன்.

கோயில் அன்னதானத்துக்குக் கடலை (கொண்டைக்கடலைதான்) அவிக்கிறது நான்தான். கிடாரம் நிறையக் கடலைக்கும் கையால் அள்ளித்தான் உப்புப் போடுவேன். ஒருநாளும் பிழை வந்ததில்லை. ஒருநாள் எங்கள் ஐயர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்கடை கைக்கு உப்புத் தெரியுது, அம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

இனிப் பக்கத்து வீட்டுச் சமீரா. லெபனான்காரி. கிறிஸ்தவர்கள், எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் மாதிரித்தான், ஆனால் பூசை அரபியில் நடக்கும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் சமீரா விடியப் பச்சைத் தண்ணீரோடு இருப்பார். மத்தியானம் பன்னிரண்டு மணி அடித்த பிறகுதான் சாப்பாடு. அதிலும் இறைச்சி இல்லை, பால் இல்லை. கடலையும் பயறும் கீரையும்தான். அது நாற்பது நாளைக்கு மேல் நடக்கும். நான் கிழமைக்கு ஒரு வெள்ளியை வைத்துக்கொண்டு துள்ளுகிறவள். இந்த விஷயத்தில் சமீரா மேல் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

எங்கள் இரண்டு வீட்டுப் பின்வளவுக்கும் நடுவில் பலகை வேலி. ஒரு புயற்காற்றுக்கு அதில் ஒரு பலகை விழுந்து போய்விட்டது. ஊரில் என்றால் வேலியில் இப்படி ஒரு பொட்டு, அதாவது ஓட்டை, விழுந்ததற்கு இரண்டு வீட்டாரும் கோட்டுக்குப் போய், பிள்ளைகளின் பிள்ளைகளும் வழக்குப் பேசியிருப்பார்கள். இங்கே அந்தப் பொட்டு வழியாகக் கிண்ணம் போய் வரத் தொடங்கியது. நான் வெள்ளிக்கிழமைக் கடலையைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கொடுப்பேன். அவர் ஹுமுஸ் தருவார்.

முதல் தடவை ஹுமுஸைப் பார்த்தபோது, வீட்டில் யாரோ பல்லில்லாத ஆளுக்கு அரைத்ததில் மிச்சத்தைத் தந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கடலையைத் தோல் உரித்து, எள்ளுக் களியும் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, பட்டுப் போல அரைத்து, மேலே ஒலிவ் எண்ணெய் ஊற்றியிருந்தது. இவர் (என்ரை அவர்தான்) அதை மொறுமொறுத்த ரோஸ் பாண் துண்டில் பூசி ஒரு கிண்ணத்தையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு, "இஞ்சை பாரும், நாங்கள் இவ்வளவு காலமும் கடலையைச் சும்மா அவிச்சுக் கெடுத்திருக்கிறம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். கோபம் போய் வெட்கம் வந்தது.

சமீரா வீட்டில் கடலைக்கு முடிவே இல்லை. இளஞ்சூட்டுக் கடலையில் நற்சீரகமும் உள்ளியும் தேசிக்காயும் விட்டால் அது பலீலா. கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியோடும் கடலையோடும் வேகவிட்டு ஆற வைத்தால் அது மக்மூர். ஒவ்வொன்றாகப் பொட்டு வழியாக வந்தது. நானும் பழகிக்கொண்டேன். ஆனால் பழகியது எல்லாம் என் குசினியில், என் போத்தல்களோடு. இது பின்னால் முக்கியம்.

ஒரு தவக்காலத்தில் சமீரா குப்பை வாளியைத் தெருவுக்கு இழுக்கப் போய், பனியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அது முறியக்கூடாத நேரம் பார்த்து முறிந்தது. அவருடைய மகள் றீட்டாவுக்கும், அவர்கள் பூசைக்குப் போகிற கோயிலில் பழக்கமான எலியாஸ் என்ற பெடியனுக்கும் விருப்பம். பெடியன் தங்கம். தாய் ஜோர்ஜெற்தான் கல். லண்டனில் வளர்ந்த பெட்டை, தகரத்துக் கடலையைத் திறந்து கொட்டுகிற வீடு, இவர்களுக்குத் தவக்காலமும் தெரியாது தலைவாசலும் தெரியாது என்று அந்த அம்மா யாரிடமோ சொல்லி, அது சமீராவின் காதுக்கு வந்துவிட்டது. எலியாஸ் ஒரே மகன். தாயை அழவைத்துவிட்டுத் தாலி கட்டமாட்டான். (அவர்களுக்கு மோதிரம். எனக்குத் தாலி என்றுதான் வாயில் வருகிறது.) கடைசியில் ஜோர்ஜெற், தவக்கால வெள்ளி ஒன்றில் பூசை முடிந்து சாப்பிட வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார். சாப்பிட வருகிறோம் என்றால் பார்க்க வருகிறோம் என்று அர்த்தம். அது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சமீரா வேலிப் பொட்டடியில், மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசுவது இங்கிலீஷ். என் காதுக்குள் போகும்போதே அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அப்படியே எழுதுகிறேன்.

"தேவி, எனக்குக் கை ஏலாது. றீட்டாவுக்கு முட்டை அவிக்கவே பயம். நீர்தான் செய்து தரவேணும்."

"உதுக்கென்ன. செய்யிறன்."

"ஆனா றீட்டா செய்தது எண்டுதான் சொல்லப்போறன்."

"பொய் உம்மடை கணக்கு. கடலை என்ரை கணக்கு."

"ஹுமுஸ், பலீலா, மக்மூர். மூண்டும் கடலை. மூண்டும் சரியா வரவேணும். அந்த மனிசி ஒரு வாய் வைச்சாலே கண்டுபிடிச்சிடும். உப்பு..."

நான் வலது கையை விரித்துக் காட்டினேன்.

பின்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நீர் விரதம். அவவும் விரதம். அப்ப ஆர் உப்புப் பாக்கிறது?"

"நீங்கள் பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தார். அந்த நேரத்தில் அவரைத் தொடர்ந்து பேச விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சமீரா ஒற்றைக் கையாலேயே முதல்நாள் கடலையை ஊறவைத்திருந்தார். வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு, "எல்லாம் அடுப்படியிலை இருக்கு" என்று சொல்லித் தாயும் மகளும் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. குசினி முழுக்க என் ராச்சியம். நான் தலைக்கு முழுகி, திருநீறு பூசி, தேவாரம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அடுப்புக்கு வலப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், சிவப்பு மூடி போட்ட ஒரு பெரிய போத்தல். உள்ளே வெள்ளைத் தூள். மேலே அரபியில் ஏதோ எழுதியிருந்தது. உலகத்தில் எந்த வீட்டிலும் அந்த இடத்தில், அந்த அளவுப் போத்தலில் இருப்பது உப்பு. இதற்கு அரபி படிக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் அப்பச்சோடா ஒரு சின்னப் பைக்கற்றில் வரும். வாய் மடித்து, ரப்பர் வளையம் போட்டு, அலுமாரியின் மூலையில் வைத்தால் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். அப்பத்துக்கு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். ஒரு வீட்டில் கடலை ஊறவைக்கவும் அவிக்கவும் தோல் கழலவும் அப்பச்சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுவார்கள், அதற்காக ஒரு கிலோவைப் போத்தலில் நிரப்பி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று நான் எந்தக் கனவில் கண்டேன்? உப்பு மேசையில் ஒரு சின்ன மரக்கிண்ணத்தில் இருந்தது. அதைச் சீனி என்று நினைத்திருந்தேன். கோப்பி போடுகிற வேலையை என்னிடம் தராதது கடவுள் செயல்.

அள்ளினேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். கை எனக்குச் சொன்னது. இது மெத்தென்று, பவுடர் மாதிரி வழுக்குகிறது, இது உப்பில்லை என்று அந்தக் கை தெளிவாகச் சொன்னது. நான்தான், "இது லெபனான் உப்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்று கையை அடக்கிவிட்டேன். ஐயர் புகழ்ந்தது கையை. கெடுத்தது தலை.

மக்மூரில்தான் முதலில் போட்டேன். தக்காளிப் புளிப்பில் அந்தத் தூள் விழுந்ததுதான் தாமதம், சட்டி சீறியது. நுரை எழும்பி, ஏறி, விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது.

வேறு ஒரு சாதி மனிதர் அந்த இடத்தில் நின்றிருந்தால், "இதென்ன பிழை?" என்று கேட்டிருப்பார். நான் தமிழச்சி. பொங்கி வழிந்தால் எனக்கு மங்கலம். இந்த ஸ்ட்ரெதம் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று பால் பொங்கிக் கிழக்கே வழிந்ததற்கு நான் கண்ணீர் விட்டவள். கத்தரிக்காய் கிழக்கே வழிந்தால் சும்மா நிற்பேனா? இரண்டு கையையும் கூப்பி, "பிள்ளையாரே, றீட்டாவின்ரை கலியாணம் சரிவந்திட்டுது" என்றேன்.

பலீலாவும் தேசிக்காய் விட்டதும் சிரித்தது. ஹுமுஸ் எல்லாவற்றையும் மிஞ்சியது. அரைக்கிற மெசினுக்குள் புளி விட விட அது உப்பி, எழும்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கோப்பை ஹுமுஸ் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோப்பை. பஞ்சு மாதிரி. சமீராவின் கைக்குக்கூட இப்படி வந்ததில்லை என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. நான் அந்தக் குரலை மறுக்கவில்லை. தாம்பாளத்தில் பரப்பி, கரண்டியால் சுழி போட்டு, எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய்க்குள் சின்னச் சின்னக் குமிழி வந்து வெடித்தது. கடலைக்கே சந்தோஷம் என்று நினைத்தேன்.

மூன்றிலும் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, வேலிப் பொட்டு வழியாக என் வீட்டுக்குப் போய், பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். படைத்தால் பிரசாதம், ஒரு நுனி வாயில் வைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு வெள்ளி. பொழுது பட்ட பிறகுதான் எனக்கு வாய் திறக்கும். பிள்ளையார் வழக்கம் போல ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஜோர்ஜெற் அம்மா கறுப்புச் சட்டை, முத்துமாலை, நிமிர்ந்த முதுகு. கணவர் அன்ரூன் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் இருந்து ஒரு மாத்திரைப் பெட்டி எட்டிப் பார்த்தது. நெஞ்செரிவுக்காரர் என்று சமீரா முன்னமே சொல்லியிருந்தார். எலியாஸ் றீட்டாவைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இவரும் பக்கத்து வீட்டார் என்ற முறையில் மேசை ஓரத்தில்.

சமீரா என் காதருகே குனிந்து, "உப்புச் சரியோ?" என்றார்.

கையை விரித்துக் காட்டினேன்.

ஜோர்ஜெற் என் வெறும் தட்டைப் பார்த்து, "நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார்.

"நான் இண்டைக்கு விரதம். பொழுது பட்ட பிறகுதான்."

அந்த அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. அதைப் பார்த்துச் சமீராவும், "நாங்களும் தண்ணியைத் தவிர ஒண்டும் தொடேல்லை" என்றார். றீட்டாவும் தலையாட்டினாள். மேசையைச் சுற்றி அவ்வளவு பக்தி. அவ்வளவு பசி.

பன்னிரண்டு ஆனது. சிலுவை அடையாளம் போட்டார்கள். ரொட்டியைப் பிய்த்தார்கள். ஹுமுஸில் தோய்த்தார்கள்.

ஒருவரும் மெல்லவில்லை. ஒருவரும் துப்பவும் இல்லை. விருந்துக்கு வந்த வீட்டில் துப்புவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, எங்கள் வழக்கத்திலும் இல்லை. ஜோர்ஜெற் கண்ணை மூடி, ஒரு சத்தியாக்கிரகம் மாதிரி அதை விழுங்கினார். பிறகு றீட்டாவைப் பார்த்து, சமைத்தவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னார். "தெஸ்லம் இதேக்கி." உன் கைகள் சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தம். அந்தக் குரலில் கைகளுக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது போல இருந்தது.

எலியாஸ் மட்டும் சாப்பிட்டான். றீட்டாவின் கைச் சமையல் என்று நம்பி, கண்ணில் நீர் முட்ட, ஒரு தட்டு ஹுமுஸையும் முடித்துவிட்டு மக்மூருக்குக் கை நீட்டினான். இப்படிப்பட்ட காதலை நான் வேறெங்கும் கண்டதில்லை. பொழுது படும்வரை சாப்பிடக்கூடாது என்ற என் விரதமெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

இவர் ஒரு வாய் வைத்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்தது. இவர் லண்டனுக்கு வருமுன் பாரிஸில் றெஸ்ரோறன்ற் குசினிகளில் நின்றவர். பிரெஞ்சு நல்லாய்ப் பேசுவார். லெபனான்காரருக்கும் பிரெஞ்சு தெரியும். ஜோர்ஜெற்றைப் பார்த்து மிக மரியாதையாக ஏதோ சொன்னார். நான் அவரோடு ஆறு வருஷம் பாரிஸில் இருந்தும் பிரெஞ்சு படிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் 'சவோன்' என்ற சொல் எனக்கு விளங்கியது. பாரிஸில் நான் தனியாகக் கடைக்குப் போய் வாங்கிய ஒரே சாமான் அதுதான். சவர்க்காரம்.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சவர்க்காரம் கொஞ்சம் கூடிப்போச்சு எண்டன்."

ஜோர்ஜெற் எழுந்தார். நேரே குசினிக்குப் போனார். நாங்கள் எல்லோரும் ஊர்வலம் மாதிரிப் பின்னால் போனோம். சிவப்பு மூடியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு, நாக்கில் வைத்தார். போத்தலில் அரபியில் எழுதியிருந்ததை வாசித்தார். சமீரா தலையில் கை வைத்தார். மாவுக்கட்டுக் கை என்பதை மறந்து வைத்ததில் நெற்றியில் பட்டது வேறு.

"சோடா," என்றார் ஜோர்ஜெற். "மூண்டிலையும் உப்புக்குப் பதிலாச் சோடா. றீட்டா, நீ உன்ரை சமையலை ஒருக்கா வாயிலை வைச்சுப் பாக்கேல்லையோ?"

அந்தப் பிள்ளையின் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் விரதம், கை, ஐயர் சொன்னது எல்லாம் எங்கோ போய்விட்டது.

"அம்மா, அவள் சமைக்கேல்லை. நான்தான். அவள் பூசையிலை நிண்டவள். பிழை முழுக்க என்ரை."

ஜோர்ஜெற் என்னைப் பார்த்தார். பிறகு றீட்டாவைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை சமைக்கேல்லை எண்டது இண்டைக்கு நான் கேட்ட முதல் நல்ல சேதி," என்றார். "சரி, நீங்கள் ஏன் ருசி பாக்கேல்லை?"

"நான் விரதம்."

"சமீரா, நீங்கள்?"

"பன்னிரண்டு மணி ஆகேல்லையே."

"றீட்டா?"

"நானும் விரதம், அன்ரி."

இவர் தன் பங்குக்குச் சொன்னார்: "இவ சாமிக்குப் படைக்க முதல் தொடமாட்டா. இண்டைக்குச் சாமிதான் முதல் சாப்பிட்டவர். அவர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஜோர்ஜெற்றின் உதடு நடுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "பக்தி இல்லாத வீடு எண்டு நினைச்சு வந்தன்," என்றார். "என்ரை சீவியத்திலை பக்தி கூடிச் சாப்பாடு கெட்டதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

சொல்லி முடிக்கவில்லை, சாப்பாட்டு மேசைப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. அன்ரூனை நாங்கள் மறந்துவிட்டோம். ஒருவரும் இல்லாத நேரம் பசி பொறுக்காமல் அவர் தனியாக இருந்து சாப்பிட்டிருக்கிறார். வந்தது ஒரு ஏப்பம். அடி வயிற்றில் தொடங்கி, கன வருஷமாக அடைபட்டுக் கிடந்ததெல்லாம் சேர்ந்து, ரயில் குகையை விட்டு வெளியே வருவது போல வந்தது. அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாஸ்கள் லேசாகக் கிலுங்கின. (இவர் கிலுங்கவில்லை என்கிறார். கிலுங்கியது.)

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மனிதர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தரிசனம் கண்டவர் மாதிரி இருந்தார்.

"எரிவு போட்டுது," என்றார். "ஜோர்ஜெற், எரிவு இல்லை. இதிலை இன்னும் கொஞ்சம் போடு."

ஜோர்ஜெற் பதில் சொல்ல வாய் திறந்தார். அவருக்கும் வந்தது. சின்னது, மரியாதையானது, முத்துமாலை போட்ட ஏப்பம். ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், பிறகு அந்தக் கறுப்புச் சட்டையோடு கதிரையில் விழுந்து சிரிக்கத் தொடங்கினார். எலியாஸ் சிரித்தான், இடையில் அவனுக்கும் வந்தது. தட்டு முழுக்கச் சாப்பிட்டவனுக்கு ஒன்றோடு நிற்கவில்லை. றீட்டா அழுகையும் சிரிப்புமாக அவன் முதுகைத் தடவினாள். அதைத் தாய் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் இனிப்பு. சமீரா வெட்கத்தோடு அலுமாரியின் ஆக உள்ளே கையை விட்டு, தகரத்துக் கடலை இரண்டை எடுத்து வைத்தார். தகரத்தைத் திட்டிய ஜோர்ஜெற் சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் கையாலேயே அதைத் திறந்து, இளஞ்சூடாக்கி, உள்ளியும் நற்சீரகமும் மரக்கிண்ணத்து உப்பும் போட்டார். போட்டு, அகப்பையால் எடுத்து, எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேசிக்காய். மறுபடி நக்கினார். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டதே. அப்படி ஒரு சமையல் முறை உலகத்தில் இருப்பதை நான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். "நான் விரதம்" என்றேன். இந்த முறை மெதுவாகச் சொன்னேன்.

போகும்போது வாசலில் ஜோர்ஜெற் றீட்டாவின் கன்னத்தைத் தட்டி, "சமைக்கப் பழகலாம். பொய் சொல்லத் தெரியாத முகம் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். சமீரா அந்த இடத்தில் குனிந்து சப்பாத்து அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் சாமியறையில் அந்த மூன்று கிண்ணங்களும் வைத்தபடியே இருந்தன. பொழுது பட்டதும், பிரசாதத்தை எறியக்கூடாது என்பதால் ஹுமுஸில் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தேன். பிள்ளையாரைப் பார்த்தேன். பத்து மணியில் இருந்து நீ இதையா வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய் என்று கேட்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் ஏப்பம் வந்தது.

பிறகு தெரியவந்தது: சமீரா தங்களுக்குப் பூசை வைக்கிற சுவாமியாரிடம் கேட்டாராம். அவர், "ருசி பாத்துத் துப்பினால் விரதம் முறியாது, மகளே. உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாராம். நானும் எங்கள் ஐயரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமிக்கு முதலே புறம்பா எடுத்து வைச்சிட்டு, மிச்சத்திலை உப்புப் பாக்கலாமே, அம்மா" என்றார். "அதோடை வீட்டிலை விரதம் பிடிக்காத ஒருத்தர் சும்மாதானே இருக்கிறார்." அவ்வளவு காலமும் கடவுள் கேட்காத ஒன்றைக் கடவுள் பேரில் நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்புப் பார்க்கிற உத்தியோகம் இவருக்கு. கோயில் கிடாரத்துக்கும் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் வேட்டி கட்டி, கரண்டியோடு, மடைப்பள்ளி வாசலில் மெய்க்காவலர் மாதிரி நிற்பார். தேவைக்கு மேல் மூன்று மடங்கு ருசி பார்க்கிறார் என்பது என் முறைப்பாடு. கேட்டால், "சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது" என்கிறார்.

றீட்டாவுக்கும் எலியாசுக்கும் கலியாணம் முடிந்தது. மண்டபத்தில் முதல் தட்டு ஹுமுஸ் வந்ததும் சம்பந்திமார் இருவரும் அதைத் தொடாமல், நேரே எங்கள் மேசைக்கு அனுப்பினார்கள். முழு மண்டபமும் திரும்பிப் பார்க்க, இவர் எழுந்து நின்று, ஒரு துண்டு ரொட்டியில் தோய்த்துச் சாப்பிட்டு, தலையாட்டினார். கைதட்டல். அந்தக் குடும்பத்தில் இப்போது யார் வீட்டு விருந்தானாலும், சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்ட பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "தேவி சமைச்சதோ, மனிசர் சமைச்சதோ?"

ஆனால் ஒருவர் மட்டும் அந்தப் பகிடியில் சேருவதில்லை. அன்ரூன். ஒவ்வொரு தவக்காலமும் அவரிடமிருந்து சமீராவுக்குப் போன் வரும். மாத்திரை வேலை செய்யவில்லையாம், தேவியின் அந்த ஹுமுஸில் ஒரு கோப்பை கிடைக்குமா என்று. டொக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டுவிட்டேன் என்கிறார். ஆகவே இந்த வருஷமும் அரைத்தேன். அள்ளியபோது கை என்னிடம், இது உப்பில்லை என்று சொன்னது. தெரியும் என்றேன்.

வழக்கம் போலச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தேன். ஆனால் இந்த முறை அவருக்கு முதலே சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.